வரைபடத்தில் இருந்த பதினேழு படிகள்

பல்செட்காரர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு அறை. பத்தடிக்குப் பத்தடி, கூடவே ஒரு சின்னக் கழிப்பறை. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம் சும்மாதான் கிடந்தது. அதில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அரண்மனைக்கு ஆசைப்பட்டிருந்தால்கூட இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது என்று இன்றைக்கு அவர் சொல்கிறார். அரண்மனைக்குத் தனிப் படிவம் இருக்கிறதாம்.

அறை அவருக்கில்லை, மாமனாருக்கு. மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். இனி ஒரு படிகூட ஏறக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் இருந்ததோ ஒரே படுக்கையறை. அதன் வாசலில் வாக்கர் நுழையாது. அதனால் கட்டிலைக் கூடத்தில் போட்டார்கள். தெருக்கதவைத் திறந்தால் முதலில் தெரிவது மாமனாரின் பாதங்கள்தான். சிலிண்டர் போட வருகிறவர் முதல் பல்செட்டுக்கு அளவு கொடுக்க வருகிற கிழவர்கள் வரை எல்லோரும் அந்தப் பாதங்களை நலம் விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது.

அவர் கமோடு நாற்காலியில் உட்கார வேண்டும் என்றால், மகள் ஒரு திரையை இழுத்துவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். பல்செட்காரர் தெருவில் போய் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவி அலறினாலே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். மாமனார் அவமானத்தில் குன்றிப் போனார்.

"மாப்பிள்ளை, எனக்குப் பெரிசா ஒண்ணும் வேணாம்" என்றார் ஒருநாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "நானே உள்ள போய், நானே சாத்திக்கிற மாதிரி ஒரு கதவு. அவ்வளவுதான்."

பல்செட்காரர் அன்று மாலையே கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கொத்தனார் பின்பக்கத்தைக் காலடியால் அளந்தார். ஒரு ஓரமாகத் துப்பினார். "மூணு வாரம் போதும். நாளைக்கே நூல் கட்டிடலாம்" என்றார்.

"அனுமதி வாங்கணுமே" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பின்பக்கம்தானே பெரியவரே! யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்" என்றார் மாமனார். "அனுமதி இல்லாத சுவத்துக்குள்ள எனக்குத் தூக்கம் வராது."

வராதுதான். மாமனார் கட்டட வரைபட ஒப்புதல் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் படம் வரைந்து, தலைமை வரைவாளராக ஓய்வு பெற்றவர். காய்கறி நறுக்கும்போதுகூட அளவு பிசகினால் மகளைக் கடிந்துகொள்வார். மற்றவர்களுக்கு மூச்சு எப்படியோ அவருக்கு விதி அப்படி. "நம்ம ஆபீஸ்தான். முறைப்படி எழுதிக் குடுத்தா ஒரு வாரத்துல கைக்கு வந்துடும்" என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

முறைப்படி எழுதுவதற்கே ஒரு வாரம் ஆயிற்று. படிவத்தில் நாற்பத்தோரு கேள்விகள். முதல் பதினாறைப் பல்செட்காரர் எப்படியோ சமாளித்துவிட்டார். பதினேழாவது கேள்வி, கட்டப்படவிருக்கும் அறையின் தற்போதைய புகைப்படத்தைக் கேட்டது.

"மேடம், அறை இன்னும் கட்டலையே" என்றார் கவுண்டரில் இருந்த அம்மாளிடம்.

"கட்டியிருந்தா அது விதிமீறல்" என்றார் அந்த அம்மாள். "அபராதக் கவுண்டருக்குப் போகணும். அது மாடியில."

"அப்ப எதைப் படம் எடுக்கறது?"

"காலி இடத்தை எடுங்க. ஆனா அறை தெளிவாத் தெரியணும். போன வாரம் ஒருத்தர் வெறும் மண்ணை எடுத்துட்டு வந்துட்டார். திருப்பி அனுப்பிட்டோம்."

கொத்தனார்தான் வழி கண்டுபிடித்தார். தரையில் சுண்ணாம்புப் பொடியால் பத்தடிக்குப் பத்தடி கோடு போட்டார். கதவு வரும் இடத்தில் பல்செட்காரரை நிறுத்தி, கைப்பிடியைத் திருப்புவதுபோல் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். படம் எடுத்தார்கள். அந்த அம்மாள் அதைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துவிட்டு, "காத்தோட்டம் போதுமா இருக்கு" என்று முத்திரை குத்தினார்.

ஒன்றரை மாதம் கழித்து ஆய்வாளர் வந்தார். கையில் அளவு நாடா, கக்கத்தில் கோப்பு. நேராகப் பின்பக்கம் போனவர், சுவரோரம் நின்று கோப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடியும் கோப்பைப் பார்த்தார்.

"படி எங்க?"

"எந்தப் படி சார்?"

"மாடிப்படி. வெளிப்பக்கம், பதினேழு படி, அஞ்சடி அகலம். உங்க வீட்டோட ஒப்புதல் வரைபடத்துல இருக்கே."

"மாடிப்படியே கிடையாது சார். நாங்க மொட்டை மாடிக்கு ஏணி போட்டுத்தான் ஏறுவோம்."

"அதெப்படி? இருக்கு" என்றார் ஆய்வாளர். குரலில் கோபம் இல்லை. காய்ச்சலில் பிதற்றுகிறவரிடம் பேசுகிற நிதானம் இருந்தது. நாடாவை விரித்து, காற்றில் பதினேழு படிகளையும் ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டார். கொத்தனார் வேடிக்கை பார்த்தபடி பக்கத்தில் வந்தார்.

"யோவ், படியில நிக்காதய்யா" என்றார் ஆய்வாளர்.

கொத்தனார் பதறிப்போய் ஒதுங்கினார். எதிலிருந்து ஒதுங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை. போகும்போது ஆய்வாளர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தார். தெருமுனை திரும்புவதற்குள் பல்செட்காரர் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. கட்டடம் ஒப்புதல் வரைபடத்துக்கு மாறாக உள்ளது, மாடிப்படி அனுமதியின்றி இல்லாமல் இருக்கிறது, இந்த இல்லாமையைச் சரிசெய்யும்வரை வேறெந்தக் கட்டுமானமும் கூடாது.

பல்செட்காரர் மேலதிகாரியைப் பார்க்கப் போனார். மேலதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால், ஒழுங்கான வரைபடம் ஒழுங்கான வாழ்க்கை என்று ஒரு பலகை தொங்கியது. அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"ஒண்ணு புரிஞ்சிக்கணும் நீங்க" என்று ஆரம்பித்தார். "வீட்டை யாரு கட்டறா? கொத்தனார். வெயில்ல நின்னு, அவசரத்துல, கைக்கு வந்தபடி கட்டறார். வரைபடத்தை யாரு ஒப்புக்கறா? நாங்க. ஆறு பேரு, மூணு மாசம், ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாக்கறோம். ரெண்டுல எது தப்பா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

"வந்து பாத்தா தெரியும் சார். படி இல்ல."

"வந்து பாக்கறதுன்னு ஆரம்பிச்சா அப்பறம் இந்த ஆபீஸ் எதுக்கு? இத்தனை வருஷத்துல எங்க ரெக்கார்டு ரூம்ல ஒரு கட்டடம் இடிஞ்சதில்ல, ஒரு சுவர் விரிசல் விட்டதில்ல. ஊருக்குள்ள எத்தனை இடிஞ்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும். பாதுகாப்பு எங்க இருக்கு?"

"அப்ப நான் என்ன சார் பண்றது?"

"ரொம்பச் சுலபம். படியைக் கட்டுங்க. வீடு வரைபடத்தோட ஒத்துப்போயிடும். அப்பறம் படியை இடிக்க அனுமதி கேளுங்க. இடிங்க. அப்பறம் அறை."

வாயை அளவெடுத்து அதற்கேற்பப் பல்செட் செய்வது பல்செட்காரரின் தொழில். பல்செட்டுக்கு ஏற்ப வாயைச் செய்துகொண்டு வரச் சொல்லும் இடத்தை அவர் அன்றுதான் பார்த்தார். வரைபடத்தின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

மாமனார் கட்டிலில் சாய்ந்தபடி நகலை விரித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று.

"இது என் கோடு" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க?" என்று மகள் ஓடி வந்தாள்.

"நான் வரைஞ்சதும்மா. அப்ப நான் வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். இந்தத் தெருவுக்கு நாப்பத்திரண்டு வரைபடம், வருஷ முடிவுக்குள்ள முடிக்கணும்னு உத்தரவு. ஒவ்வொண்ணா வரைஞ்சா முடியுமா? விருந்தினர் மாளிகையோட படம் ஒண்ணு மேஜையில இருந்தது. அதை அடியில வெச்சு, மேல டிரேசிங் தாளைப் போட்டு, மாடியை மட்டும் விட்டுட்டு மத்ததை அப்படியே நாப்பத்திரண்டு தடவை இழுத்துட்டேன். படியை விட மறந்துட்டேன் போல."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அப்பா இருபத்திரண்டு வயதில் பாதிக் கவனத்தோடு இழுத்த கோடு இப்போது அவர் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. யாரிடம் போய் முறையிடுவது?

"நானே வந்து சொல்றேன்" என்றார் மாமனார். "வரைஞ்சவனே தப்புன்னு சொன்னா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மறுநாள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துப்போனார்கள். அலுவலகமே எழுந்து நின்றது. "இவர்கிட்டதான் நான் ஸ்கேல் பிடிக்கவே கத்துக்கிட்டேன்" என்று மேலதிகாரி கண் கலங்கினார். மாமனார் நடந்ததை மறைக்காமல் சொன்னார். மேலதிகாரி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார்.

"சார், உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். "அதனாலதான் கேக்கறேன். பணியில இருந்த நீங்க படி இருக்குன்னு வரைஞ்சிருக்கீங்க. ஓய்வு பெற்ற நீங்க இல்லன்னு சொல்றீங்க. நான் யாரை நம்பறது? அவருக்கு முத்திரை இருந்தது சார். உங்களுக்கு என்ன இருக்கு?"

மாமனார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்; பேனா மட்டும்தான் இருந்தது.

"தவிர, இந்தச் சுற்றறிக்கை இருக்கு" என்று மேலதிகாரி ஒரு பழைய தாளை நீட்டினார். ஒப்புதல் பெற்ற வரைபடமே உண்மை நிலையாகக் கொள்ளப்படும், கட்டடம் அதற்கு மாறுபடின் கட்டடமே திருத்தப்பட வேண்டும் என்று அதில் இருந்தது. கீழே தலைமை வரைவாளரின் கையெழுத்து. மாமனாருடையது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். "வாசகம் நல்லா வந்திருக்கு" என்றார் மெதுவாக.

"இப்பவும் புதுசா சேர்றவங்களுக்கு இதைத்தான் சார் மாதிரியா காட்டறோம்" என்றார் மேலதிகாரி பெருமையோடு. "நீங்க வந்ததுல இன்னொரு நன்மை. மீதி நாப்பத்தோரு வீட்டுலயும் படி இல்லாம இருக்கும்னு இப்பத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது."

திரும்பி வரும்போது, ஆட்டோ தெருவுக்குள் நுழைந்ததும் மாமனார் சொன்னார். "அதை எழுதறப்ப வீடுன்னா எனக்குத் தாள்தான் மாப்பிள்ளை. அதுக்குள்ள ஒருத்தன் படுத்திருப்பான்னு தோணவே இல்ல."

பல்செட்காரருக்கு அவர்மேல் ஒரு கணம் ஆத்திரமாக வந்தது. பிறகு ஆட்டோ குலுங்கியபோது அவர் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மாமா" என்று மட்டும் சொன்னார்.

படி கட்டப்பட்டது. ஒரு படிகூட ஏறக்கூடாத மனிதருக்காகப் பதினேழு படிகள். விருந்தினர் மாளிகைப் படியாயிற்றே, ஒரு பீரோவைக் குறுக்கே தூக்கிக்கொண்டு போகலாம், அவ்வளவு அகலம். இதற்குள் தெருவில் நாற்பத்தோரு வீட்டுக்கும் நோட்டீஸ் போய்விட்டது. அக்கம்பக்கத்தார் பல்செட்காரரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பல் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஆட்டத்தோடு பக்கத்து ஊருக்குப் போனார்கள். கொத்தனார் ஒருவர்தான் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் வைத்தார். அவருக்கு மூன்று மாதத்துக்குப் படிகளாகவே வேலை இருந்தது.

ஆய்வாளர் வந்து பதினேழையும் எண்ணிக்கொண்டே ஏறி இறங்கினார். "எப்பவும் இருந்த மாதிரியே இருக்கு" என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே பல்செட்காரர் படியை இடிக்க மனுப் போட்டார். பதில் ஐந்து வாரத்தில் வந்தது. மகள் அதைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தாள்.

இடிக்க அனுமதி இல்லை. இவ்வீட்டில் நடமாட இயலாத முதியவர் ஒருவர் இருப்பதாக மனுதாரரே தெரிவித்திருப்பதால், ஆபத்துக் காலத்தில் அவர் மொட்டை மாடிக்கு விரைந்து தப்பிச் செல்ல இப்படிகள் இன்றியமையாதவை. மேலும், படி கட்டப்பட்ட பின் பின்பக்கத்தில் எஞ்சியுள்ள இடம் அறை கட்டப் போதாது. ஆயினும் முதியோர் நலனில் இவ்வலுவலகம் கொண்டுள்ள அக்கறையை முன்னிட்டு, கோரப்பட்ட அறையை மொட்டை மாடியில் கட்டிக்கொள்ள இதன்மூலம் ஒப்புதல் அளிக்கப்படுகிறது. படியின் இருபுறமும் கைப்பிடி அமைப்பது விரும்பத்தக்கது.

மகள் தாளை மடித்தாள். "அப்பா, உங்களுக்கு அறை கிடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

மாமனார் கட்டிலில் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமாகத் திரை, எட்டு மாதமாக டிவி. பல்செட்காரர் சுத்தியலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கிளம்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை நாள் பொறுத்தவர், இனி பொறுப்பதாக இல்லை.

"மாப்பிள்ளை, அதைக் கீழ வைங்க" என்றார் மாமனார். "பரண்ல என் விதிப்புத்தகம் இருக்கும், எடுத்துட்டு வாங்க. பச்சை அட்டை."

மூன்று நாள் அதைப் புரட்டினார். நாலாம் நாள் காலையில் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மருமகனைக் கூப்பிட்டார். மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம் அறையாகக் கருதப்படாது என்றிருந்தது. தட்டுமுட்டுச் சாமான்களைப் பாதுகாக்கும் பொருட்டு அதைச் சுவர் எழுப்பி அடைத்துக்கொள்ளலாம். கதவு வைக்கலாம். தண்ணீர்க் குழாயும் வடிகாலும் கொடுக்கலாம். அனுமதி தேவையில்லை.

"விதிமீறல் இல்லாம ஒரு கதவு" என்றார் மாமனார். எட்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

"படிக்குக் கீழயா? உங்களையா?" என்றார் பல்செட்காரர். அவருக்குக் கூசியது. பெண்ணைக் கொடுத்தவரைச் சாமான் போடும் இடத்தில் படுக்க வைப்பதா?

"அஞ்சடி அகலம் மாப்பிள்ளை. என் தப்பு அவ்வளவு தாராளமா இருக்கு. அதுல படுத்தா என்ன?"

கொத்தனாருக்கு ஒன்பது நாள் பிடித்தது. உயரமான பக்கத்தில் கழிப்பறை, நடுவில் கட்டில், படி இறங்கி வரும் தாழ்வான மூலையில் விதிப்புத்தகம். பல்செட்காரர் தானே நின்று வாக்கருக்கு அளவெடுத்து வாசலை வைக்கச் சொன்னார். அரைக்கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. குடிபோன அன்று மாமனார் யார் கையையும் பிடிக்காமல் வாக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் வெளியில் கேட்டது. மகளும் மருமகனும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்கள். டிவியைப் போட வேண்டிய அவசியம் இல்லாததால் வீடு அமைதியாக இருந்தது.

இருபது நாளில் ஆய்வாளர் வந்து நின்றார். படிக்கட்டுப் பயன்பாட்டு ஆய்வாம். படியைத் தட்டிப் பார்த்தார், புதிதாக வைத்திருந்த கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பிறகு கதவைக் கவனித்தார்.

"இது என்ன?"

"படிக்குக் கீழ சாமான் வைக்கற இடம் சார்" என்றார் பல்செட்காரர். சொல்லும்போதே நாக்கு கசந்தது. "விதிப்படிதான்."

"தெரியும். ஆனா உள்ள இருக்கற பொருளைப் பட்டியல் போட்டு எடுத்துக்கணும்." ஆய்வாளர் ஒரு படிவத்தை உருவிக்கொண்டு கதவைத் தட்டினார். தாழ்ப்பாள் நீங்கியது. கட்டிலில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே பத்தாவது படியின் அடிப்பக்கம். ஆய்வாளர் அவரைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். ஆள் என்று எழுதினால் அது அறை. அறை என்றால் அனுமதி இல்லை. பேனா நடுவழியில் நின்றுவிட்டது.

"என்னப்பா யோசிக்கறே? நான் ஆபீஸ்ல இருந்தப்ப போட்ட படிவம்தானே" என்றார் மாமனார். "எழுது. பொருளோட விவரம், பழைய சாமான். எண்ணிக்கை, ஒண்ணு. நிலை... பழுது பாத்தது. அசைக்கக்கூடியதான்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. ஆமாம்னு போடு. வாக்கரோட."

ஆய்வாளர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது. "பொருளின் உரிமையாளர் கையெழுத்துப் போடணும்" என்று படிவத்தைப் பல்செட்காரரிடம் நீட்டினார்.

பல்செட்காரருக்குக் கை வரவில்லை. இத்தனை மாதத்தில் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டவர்தான். இதில் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"இப்படிக் குடுங்க" என்றார் மாமனார். படிவத்தை வாங்கி, மடியில் இருந்த விதிப்புத்தகத்தின் மேல் வைத்து, உரிமையாளர் என்ற கட்டத்துக்குள் கோட்டைத் தொடாமல் தன் முழுக் கையெழுத்தையும் போட்டார். மை காயும்வரை ஊதினார். பிறகு தாளை ஆய்வாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைநீட்டித் தானே கதவைச் சாத்திக்கொண்டார்.